மாமாவின் ஒய்.இசட்டும் மகளின் ஒய்.இசட்டும்

பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, பேனாவையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போயிருந்தாள் மகள். ஸ்கிராம்பளர் போட்டிக்கான பாரம். அவளுக்கு வயது 16. பெற்றோர் சம்மதம் இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால் ஏற்பாட்டாளர்கள் பொறுப்பல்ல என்று ஒரு பத்தி, சின்ன எழுத்தில்.

நான் காப்புறுதி நிறுவனமொன்றில் இழப்பீட்டுப் பிரிவில் இருக்கிறேன். இந்த மாதிரிப் பத்திகளை நாள் முழுக்கப் படித்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் மேலே மகளின் பெயர் இருக்கும்போது அதே வரிகள் வேறு மாதிரி தெரிந்தன.

"என்னைக் கேக்காதீங்க. உங்க மாமாவைக் கேளுங்க. இந்தக் கிறுக்கு அங்கிருந்துதானே வந்துச்சு" என்றாள் மனைவி.

அது உண்மைதான்.

மாமா என் அம்மாவின் தம்பி. கம்பார் பக்கம் ஈய லம்பத்தில் பம்ப் இயந்திரங்களுக்கு மெக்கானிக்காக இருந்தவர். லம்பத்து முதலாளியின் மகன் ஓட்டி அலுத்துப்போன யமஹா ஒய்.இசட். 125ஐ 1982இல் அவர் வாங்கினார். அது 1980ஆம் ஆண்டு மாடல். மூன்று மாதச் சம்பளம் போனது என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை கவிழ்ந்ததும் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. மாமாவின் வேலையும் போனது. வானொலி, கைக்கடிகாரம், சைக்கிள் எல்லாவற்றையும் விற்றார். அந்த மோட்டாரை மட்டும் விற்கவில்லை. பாசம் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். "பாசமாவது! எவனும் வாங்கலே" என்றார் ஒரு தீபாவளியன்று.

மகளுடையதும் ஒய்.இசட். 125தான். 2022ஆம் ஆண்டு மாடல். ஒன்றரை ஆண்டுக்கு முன் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். இரண்டுக்கும் இடையே 42 ஆண்டுகள். பெயர் ஒன்று, சி.சி. ஏறக்குறைய ஒன்று, இரண்டுமே டூ ஸ்ட்ரோக், இரண்டையும் காலால் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நம்மூரில் மண்ணில் ஓடும் எல்லா மோட்டாரும் ஸ்கிராம்பளர்தான். பந்தயத்துக்கென்றே செய்யப்படும் இந்த வகைக்குச் சரியான பெயர் மோட்டோகிராஸ். விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை, எண் பட்டை இல்லை. சாலையில் ஓட்ட முடியாது, வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். 1924இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் ஸ்கிராம்பிள் என்ற பெயரோடு நடந்த பந்தயத்திலிருந்துதான் இந்த விளையாட்டு கிளைத்தது. உலகம் மோட்டோகிராஸ் என்று மாறிப் பல காலம் ஆகிறது. நாம் அந்தப் பழைய பெயரை விடவில்லை.

மாமாவிடம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ஞாயித்துக்கிழமை அந்தப் புதுசைக் கொண்டா மாப்ளே. என்னோடதையும் கிளப்பி வைக்கிறேன். ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் பேசுவோம்" என்றார்.

ஈப்போவிலிருந்து நானும் மகளும் போனோம். மாமாவுக்குத் தெரிந்தவருடைய பழைய லம்பத்து நிலம். வெள்ளை மணல், நடுவே பச்சை நிறத்தில் குட்டைகள், ஓரமெல்லாம் லாலாங் புல். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒரு வட்டம், மாமாவின் சக்கரமே பல ஆண்டுகளாகப் போட்ட தடம். அவருக்கு இப்போது 66 வயது. மாதத்துக்கு ஒரு முறையாவது ஓட்டுகிறார். அத்தைக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டது உயரம். புதியதின் இருக்கை தரையிலிருந்து சுமார் 98 செ.மீ. மாமா ஏறி உட்கார்ந்தார். கால் நுனி மட்டும் மணலைத் தொட்டது. "குதிரை மாதிரி இருக்கே" என்றார். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. புதியது எண்ணெய் நிரப்பி 95 கிலோ. ஸ்டாண்டில் தூக்கி வைத்தபோது பழையதும் ஏறக்குறைய அதே கனம்தான். பழையதின் எஞ்சினைச் சுற்றிக் காற்றில் ஆறுவதற்கான விசிறித் தகடுகள். புதியதில் தண்ணீர், இரண்டு ரேடியேட்டர். பழையதின் சட்டம் இரும்புக் குழாய், புதியதில் அலுமினியம்.

எஞ்சினைப் பற்றி நான் நிறைய எதிர்பார்த்துப் போனேன். ஏமாற்றம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரிய கதை அங்கே இல்லை. பழையது கீழே இழுக்காது. திராட்டிலைத் திருகினால் முனகும், யோசிக்கும், திடீரென்று எங்கிருந்தோ சக்தி வந்து பின்சக்கரம் மணலை வாரி இறைக்கும். மாமா அதை "மொதல்ல செத்த பாம்பு, அப்புறம் நல்ல பாம்பு" என்பார். டூ ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் துவாரத்தின் உயரம்தான் எந்தச் சுழற்சியில் சக்தி வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. பழையதில் அது மாறாத ஓட்டை. புதியதில் அந்த ஓட்டையின் மேல் விளிம்பில் ஒரு சின்ன மதகு இருக்கிறது. சுழற்சி கூடக் கூடத் திறக்கிறது. யமஹா இதை 1980களின் தொடக்கத்திலேயே தன் மோட்டோகிராஸ் மோட்டார்களில் வைத்துவிட்டது. ஆகவே புதியது சற்று முன்பே விழித்துக்கொள்ளும், மேலே இன்னும் நீளமாக இழுக்கும். குதிரைத் திறன் சுமார் 35. ஆனாலும் நேர் பாதையில் இரண்டையும் ஓடவிட்டபோது, புதியது முன்னே போனதே தவிரக் கண்ணுக்கு எட்டாமல் போய்விடவில்லை.

இன்று போட்டிகளில் பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக்தான். 1997இல் லாஸ் வேகஸ் சூப்பர்கிராஸில் டக் ஹென்றி யமஹாவின் ஃபோர் ஸ்ட்ரோக்கில் வென்று காட்டினார். மறு ஆண்டு ஒய்.இசட். 400எஃப் கடைக்கு வந்தது; மற்ற நிறுவனங்களும் அந்தப் பக்கம் சாய்ந்தன. ஓட்டுவதற்கு அது எளிது, சக்தி சீராக வரும். நான் டூ ஸ்ட்ரோக் வாங்கியதற்குக் காரணம் பழமை மீது மோகம் அல்ல. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் உடைந்தால் வால்வு, கேம், சங்கிலி என்று பில் நீளும். இதில் பிஸ்டன் மாற்றுவது வீட்டு வராந்தாவில் அரை நாள் வேலை. பிள்ளையை இந்த விளையாட்டில் விடலாமா என்று யோசிக்கும் பெற்றோர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரேக். இங்கேதான் குடும்பக் கதை வருகிறது.

பழையதில் முன்னும் பின்னும் டிரம். உள்ளே இரண்டு காலணிகள் விரிந்து டிரம்மின் சுவரை உரச வேண்டும். நான்கு விரலாலும் இழுக்க வேண்டும். சூடானால் பிடி தளரும். தண்ணீர் உள்ளே போனால் சில விநாடிகளுக்குப் பிரேக் என்ற ஒன்றே கிடையாது. 1983இல், ஒரு தோட்டத்துத் திடலில் நடந்த பந்தயத்தில், மழை பெய்து நின்ற மறு நிமிடம் மாமா ஒரு குட்டையைக் கடந்தார். வளைவுக்கு முன் பிரேக்கை இழுத்தார். லிவர் கைப்பிடி வரைக்கும் வந்தது, மோட்டார் நிற்கவில்லை. வளைவில் ஒரு பால்மரம் இருந்தது. காறை எலும்பும் இடது மணிக்கட்டும் முறிந்தன. அன்று அவர் போட்டிருந்தது முகம் திறந்த ஹெல்மட்டும் காற்பந்து ஜெர்சியும்தான். தோட்டத்து லாரியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். பாட்டி முன் இருக்கையில் உட்கார்ந்து மருத்துவமனை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி ஒரு காரியம் செய்தார். பக்கத்து லயத்துப் பையனைக் கூப்பிட்டு, "இது ஓடணும்னா எது இல்லாம ஓடாது?" என்று கேட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொல்லி, அதை அரிசி டின்னில் புதைத்து வைத்தார். மெக்கானிக்கின் பெட்டியில் நான்கு பிளக் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. மாமாவும் சொல்லவில்லை. கை சரியான பிறகும் மூன்று மாதம், பிளக் தேடிக் கிடைக்காதவர் போலவே நடந்துகொண்டார்.

புதியதின் முன்சக்கரத்தில் 270 மி.மீ. டிஸ்க். ஒரு விரல் போதும். தண்ணீர் பட்டாலும் ஒரு சுற்றில் உதறிவிடும். மகள் இந்தப் பிரேக்கில்தான் பழகியவள். பழையதை அவள் ஓட்டியபோது முதல் வளைவிலேயே வழக்கம்போல் கடைசி நொடியில் ஒரு விரலால் பிடித்தாள். மோட்டார் அவளைக் கண்டுகொள்ளாமல் நேராக லாலாங் புதருக்குள் போய்ச் சாய்ந்தது. அடி ஒன்றுமில்லை. எழுந்து வந்து, "தாத்தா, இதுக்குப் பிரேக்கே இல்ல" என்றாள். "இருக்கும்மா. முன்கூட்டியே மனு போடணும்" என்றார் மாமா.

நேரத்தைத் தொலைபேசியில் அளந்தோம். பழையதில் மாமா ஒரு வட்டத்தை 1 நிமிடம் 45 விநாடியில் முடித்தார். நான் 1:48. மகள் விழுந்த சுற்றைக் கழித்துவிட்டால் 1:58. புதியதில் மகள் 1:31, நான் 1:34. வேடிக்கை என்னவென்றால், புதியதில் மாமாவின் முதல் சுற்று 1:46. பழையதை விட ஒரு விநாடி மெதுவு! பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குக் காரணம் புரிந்தது. வளைவுக்கு வெகு முன்பே பிரேக் பிடிக்கிறார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் எழுந்து நின்று முழங்காலை மடக்குகிறார். மோட்டார் புதுசு, முழங்கால் பழசு. நான்கைந்து சுற்றுக்குப் பிறகு 1:39க்கு வந்தார்.

முழங்கால் என்றதும் சஸ்பென்ஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையில் இந்த 42 ஆண்டுகளின் வித்தியாசம் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் மோட்டோகிராஸ் மோட்டாரின் பின்சக்கரம் சுமார் 4 அங்குலம்தான் மேலும் கீழும் அசையும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அப்சார்பர். லூசியன் டில்கன்ஸ் என்ற பெல்ஜிய எஞ்சினியர், இரண்டுக்குப் பதிலாக ஒரே நீள அப்சார்பரைப் பெட்ரோல் டாங்கிக்கு அடியில் படுக்க வைக்கும் அமைப்பை உருவாக்கினார். யமஹா அதை எடுத்துக்கொண்டது. அந்த மோட்டாரில் 1973இல் சுவீடனின் ஹாகன் ஆண்டர்சன் 250 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். பிறகு எல்லா நிறுவனங்களும் சக்கரத்தை இன்னும் இன்னும் அசையவிடத் தொடங்கின. மாமாவின் மோட்டார் அந்த வம்சம். 1980க்குள் அசைவின் நீளம் இன்றைய அளவை நெருங்கிவிட்டது. புதியதில் சுமார் 300 மி.மீ.; பழையது அதற்கு வெகு தூரத்தில் இல்லை. காகிதத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி.

மணலில் பார்த்தால் அப்படி இல்லை. பழையதின் முதல் சுற்று நன்றாகவே இருந்தது. இரண்டாவதில் பின்பக்கம் கொஞ்சம் துள்ளியது. மூன்றாவதில் ஒவ்வொரு பள்ளத்திலும் கழுதை மாதிரி பின்காலால் உதைத்தது. காரணத்தை மாமா டாங்கியைத் தட்டிக் காட்டினார். அப்சார்பர் இருப்பது டாங்கிக்கு அடியில், கொதிக்கும் எஞ்சினுக்கு மேலே, காற்றுப் படாத இடத்தில். சுருள் விரிவதை அடக்கி வைப்பது உள்ளே இருக்கும் எண்ணெய். அது சூடாகித் தண்ணீராகிவிட்டால் அடக்க ஆளில்லை. புதியதில் அப்சார்பர் எஞ்சினுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிறது, அழுத்தமான வாயு நிரப்பிய தனிக் குப்பி அதன் எண்ணெய் நுரைக்காமல் பார்த்துக்கொள்கிறது, கீழே ஓர் இணைப்புக் கை பள்ளம் ஆழமாக ஆக எதிர்ப்பைக் கூட்டிக்கொண்டே போகிறது. பத்தாவது சுற்றிலும் முதல் சுற்றைப் போலவே இருந்தது.

புதியதை ஓட்டிவிட்டு வந்து இறங்கிய மாமா ஹெல்மட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ரொம்பப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"மாப்ளே, இது பொய் சொல்லுது" என்றார்.

"என்ன மாமா?"

"அந்த மூணாவது குட்டைக்குப் பக்கத்துலே ஒரு பள்ளம் இருக்கே, பாத்தியா?"

நான் புதியதில் ஆறு சுற்று ஓட்டியிருந்தேன். எனக்கு அங்கே ஒரு பள்ளமும் ஞாபகத்தில் இல்லை. நடந்து போய்ப் பார்த்தேன். இருந்தது. முழங்கால் ஆழம், உதடு மாதிரி எழும்பிய விளிம்பு. பழையதில் ஓட்டியபோது இதே இடத்தில் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தேன். புதியதில் இது இருப்பதே தெரியாமல் மேலே போயிருக்கிறேன். என் தொலைபேசி சட்டைப்பையில் இருந்து வேகத்தைப் பதிவு செய்திருந்தது. அந்த இடத்தில் பழையதில் மணிக்கு 30 கிலோமீட்டர், புதியதில் 42.

வித்தியாசம் 12 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் விழும்போது உடம்பு வாங்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30 என்பது 42 ஆனால் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அலுவலகத்தில் வாகன விபத்துக் கோப்புகளில் இந்தக் கணக்கை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த மணலில் நின்றபோதுதான் அது வயிற்றுக்குள் இறங்கியது. பழைய மோட்டார் உதைத்து, துள்ளி, கத்தி, இதற்கு மேல் வேகம் வேண்டாம் என்று ஒவ்வொரு நொடியும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. புதியது எதுவும் சொல்வதில்லை. அதன் எல்லை வரும்போது மொத்தமாக வரும்.

மகளிடம் இதைச் சொன்னேன். அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

"அப்பா, தாத்தா ஏன் விழுந்தாங்க? பிரேக் பிடிக்கல. இதுல பிரேக் பிடிக்குது. எனக்கு ஃபுல் ஹெல்மட் இருக்கு, நெக் பிரேஸ் இருக்கு, செஸ்ட் கார்ட் இருக்கு. தாத்தாவுக்கு ஜெர்சிதான் இருந்துச்சு. இப்ப எது ஆபத்து?"

நியாயமான கேள்வி. 1983இல் இந்த மோட்டார் இருந்திருந்தால் மாமா அந்த வளைவைச் சுலபமாகத் திரும்பியிருப்பார், மணிக்கட்டு இன்றைக்கு மழைக்காலத்தில் வலிக்காது. மாமாவும் அதை ஒத்துக்கொண்டார். "இதுலே பிரேக்கு தங்கம்" என்றார். பழையதுதான் நல்லது என்று பேசுகிற ஆள் இல்லை அவர். தன் மோட்டாரை அவர் திட்டுகிற மாதிரி வேறு யாரும் திட்டி நான் கேட்டதில்லை.

அவர் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை. போட்டிக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. அதில் நான்கு ஞாயிறு அவள் பழையதை மட்டும் ஓட்ட வேண்டும். புதியதைத் தொடக்கூடாது. மகளின் முகம் சுருங்கியது. அவள் வயதில் நானும் சுருக்கியிருப்பேன்.

முதல் ஞாயிறு முழுக்க முணுமுணுத்தாள். இரண்டாவது ஞாயிறு இரண்டு முறை விழுந்தாள், ஒரு முறை நடுவழியில் மோட்டார் நின்று தள்ளிக்கொண்டு வந்தாள். மூன்றாவது வாரம், ஓட்டத் தொடங்கும் முன் அவளே தடத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாள். யாரும் சொல்லவில்லை. எந்தப் பள்ளம் போன வாரத்தை விட ஆழமாகியிருக்கிறது, எங்கே மணல் ஈரமாக இருக்கிறது என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்காவது வாரம் பழையதில் 1:47. என்னை விட ஒரு விநாடி குறைவு. அதைப் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை.

ஐந்தாவது ஞாயிறு புதியது திரும்பக் கைக்கு வந்தது. 1:29 என்று காட்டியது தொலைபேசி. மூன்றாவது குட்டைக்குப் பக்கத்தில் மட்டும் அவள் சற்று எழுந்து, திராட்டிலை ஒரு நொடி விட்டுப் பிடித்ததை நானும் மாமாவும் பார்த்தோம். அந்த இடத்தில் நேரம் கொஞ்சம் போகும்தான்.

செவ்வாய்க்கிழமை இரவு பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். பென்சில் குறியை முதலில் ரப்பரால் அழித்துவிட்டுத்தான் போட்டேன். மாமா பந்தயத்தன்று தடத்தின் ஓரத்தில் நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அத்தையிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லப்போகிறாராம்.

மனைவி அதிகம் பேசவில்லை. மகளின் பூட்ஸையும் கையுறையையும் அவளே துவைத்துக் காயவைத்தாள். நேற்று இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே, அந்தப் புது மோட்டாரில் ஸ்பார்க் பிளக் எங்கே இருக்கிறது, எந்த ஸ்பேனரால் கழற்ற வேண்டும் என்று கேட்டாள். காட்டிக் கொடுத்திருக்கிறேன்.